மூடாத கிழக்கு வாயில்

மஞ்சக்குட்டையில் அத்தை வீட்டின் முன்கதவு கிழக்குப் பார்த்தது. அதன் அடியில் ஒரு கல்லை வைத்து, பகல் முழுவதும் ஒரு விரல் அளவுக்குத் திறந்தே வைத்திருப்பார். மழைக்காலத்தில் அந்த இடைவெளி வழியாக மூடுபனி உள்ளே வந்து என் பாடப்புத்தகங்களை நமுத்துப்போகச் செய்யும். நான் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தேன்.

அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேலையில் இருந்ததால் என்னை அங்கே விட்டிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். மாமா சேலத்துக்குப் போயிருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் அங்கே இருந்த வருடங்கள் முழுவதும் அவர் சேலத்துக்குப் போயிருந்தார்.

ஒரு வருடம், விளைச்சலைச் சபையில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு, எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட ஆலயத்தைச் சிறிய மாதிரியாகச் செய்து வைக்க அத்தை தீர்மானித்தார். அவர் ஞாயிறு பள்ளி ஆசிரியை. தரிசனத்தில் ஒருவர் ஆறு முழக் கோலால் ஒவ்வொரு சுவரையும் அளப்பார். அத்தை ஒரு கோலுக்கு ஒரு காப்பிக்கொட்டை என்று கணக்கு வைத்தார். ஒரே அளவுக் கொட்டைகளைப் பொறுக்கித் தருவது என் வேலை. வெளிச்சுவரின் உயரம் ஒரு கொட்டை, அகலமும் ஒரு கொட்டை. வாயில்களைச் சில்வர் ஓக் பலகையில் செதுக்கினார். மழை பெய்த மாலைகளில் நாங்கள் பேசிக்கொள்ளாமலேயே அந்த ஆலயம் எழும்பியது. என் வகுப்பில் யாரும் என்னோடு சேர்வதில்லை. இதைப் பார்த்தால் சேர்வார்கள் என்று நம்பினேன்.

பண்டிகையன்று ஜீப்பில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனோம்.

“ஏனுங் டீச்சரம்மா, கோயில மடியில வெச்சுக்கிட்டே கோயிலுக்குப் போறீங்க? அதுக்கும் ஒரு சீட்டு காசு குடுக்கோணுமுங்க” என்றார் டிரைவர். அத்தை அபூர்வமாகச் சிரித்தார்.

மிளகு, ஆரஞ்சு, பலா எல்லாம் பீடத்தின் முன் குவிந்திருந்தன. அந்த வருடம் மாற்றலாகி வந்திருந்த போதகர் குனிந்து ஆலயத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“நொம்ப நல்லா இருக்குதுங்கம்மா. கெழக்கு வாசல் மட்டும் தெறந்திருக்குது. அது பூட்டியிருக்கோணுமில்லைங்க?”

ஆலயத்தை விட்டுக் கிழக்கே போன ஆண்டவருடைய மகிமை கிழக்கு வாயில் வழியாகவே திரும்பி வரும். அதன்பின் அந்த வாயில் பூட்டப்படும். அந்த வழியாக வேறு யாரும் நுழையக் கூடாது. எனக்கே தெரிந்த பாடம் அது.

“உள்ள வந்த பொறவுதானுங்க பூட்டோணும்” என்றார் அத்தை. “இன்னும் வரலைங்களே.”

“வசனத்துல வந்தாச்சுங்கம்மா.”

“ஆமாங்க. வசனத்துல வந்தாச்சுங்க.”

போதகர் சிரித்தபடி வாயிலை மூடப் போனார். அத்தை தன் விரலை நடுவில் வைத்தார். முன்வரிசைப் பெண்கள் தலை குனிந்தார்கள். அப்படியானால் பீடத்தின் முன் வைப்பது சரிப்படாது என்று போதகர் தணிந்த குரலில் சொன்னார். அத்தை துணியைப் போர்த்தி ஆலயத்தைத் தூக்கிக்கொண்டார். அப்போதுதான் என் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். துணி போர்த்திய ஒரு பெட்டியைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

திரும்பும் ஜீப்பில் நான் அழுதேன். “சும்மா மூடி வெச்சிருந்தா என்னங்கத்தை?”

“மூடிட்டா வாரவங்க எப்படிச் சாமி வருவாங்க?”

வீட்டில் அந்த ஆலயத்தை முன்கதவுக்கு எதிரே, கிழக்குப் பார்த்து வைத்தார். இரண்டு கதவுகளும் ஒரு விரல் அளவு திறந்திருந்தன. அன்றிலிருந்து அத்தை ஆண்டவருக்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நானும் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு பயபக்தியோடு காத்திருந்தேன். வீட்டுக்கு எதிரே ரோட்டு வளைவில் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அத்தை தையலிலிருந்து தலையை நிமிர்த்துவார். அது கிளம்பிய பிறகு குனிந்துகொள்வார்.

ஆண்டவர் ஏன் சேலம் பஸ்ஸில் வர வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.