த்ரோ அவுட்

நாங்கள் குடியிருந்தது சிங்கப்பூரில், ஜாலான் புசார் தெருவில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில். ஒரே அறை, தெருவைப் பார்த்தபடி பெரிய ஜன்னல். ஒருநாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்:

"மேல்மாடியும் கடைக்கு வேணுமாம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணலைன்னா த்ரோ அவுட் பண்ணிடுவேன்னு கடை முதலாளி சொல்லிட்டாருலா."

"கைப்புள்ளைய வச்சுக்கிட்டு எங்கங்க போறது?" என்றாள் அம்மா.

அப்போது நான் ஆங்கிலப் பள்ளியில் முதல் வகுப்பு. த்ரோ எனக்குத் தெரியும். டீச்சர் பந்தைக் கையில் கொடுத்து அதைத்தான் கத்துவார். அவுட் என்றால் வெளியே. இவ்வளவு படித்த பிறகு யாரிடம் போய் அர்த்தம் கேட்பது? மாடியிலிருந்து வெளியே எறிவதென்றால் ஜன்னல் வழியாகத்தானே எறிய வேண்டும்!

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். எட்டிப் பார்த்தால் கீழே இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்தன. சோதித்துப் பார்க்கத் தலையணையை எறிந்தேன். அது சாக்கடையில் விழுந்தது. என் முதுகில் இரண்டு விழுந்தன. அம்மாவுக்கு எங்கே புரியப்போகிறது! நான் விழுந்தால் கைகால் முறியும், சரி. தம்பி? தவழக்கூடத் தெரியாத என் தம்பி? அவனை நினைத்துக் குளியலறையில் போய் அழுதேன். பிறகு அம்மாவின் பழைய புடவையை எடுத்து, அவன் இடுப்பைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவைத்தேன்.

"அடிப்பாவி! புள்ளைய ஏண்டி கட்டிப் போட்டிருக்க?"

"முதலாளி தூக்கி எறிய வந்தா, தம்பி மட்டுமாச்சும் இங்கயே இருக்கட்டும்மா."

அடிக்கக் கை ஓங்கிய அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடிச்சை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

மாதக் கடைசியில் லாரி வந்தது. கட்டில் போயிற்று, பாத்திரங்கள் போயின. கடைசியாக நாங்கள். நான் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். முதலாளி வாசலில்தான் நின்றிருந்தார். குழாய்களை ஓரமாகத் தள்ளி வழிவிட்டு, என் கன்னத்தைக்கூடத் தட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"அம்மா! நம்மள யாரும் எறியவே இல்ல!" என்று நடுத்தெருவில் குதித்தேன்.

"ஆமாண்டி கண்ணு" என்ற அம்மா, தம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா லாரிக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். எல்லாரும் நல்லபடியாக இறங்கிவிட்டோம், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்புறம் எதற்கு அம்மா அழுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.