‘ங்க’ போடாத சொல்

யோசனை என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவார்கள், பாவம் அவர். அவர் சோமனூர்ப் பக்கம் பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கயிற்றால் கட்டி விளையாடுவதைப் பற்றி போனில் ஒரு கட்டுரை படித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஏங்கண்ணு, இதுக்குக் கயிறு எத்தனை மீட்டர் வேணும்?" என்றார். அவர் காட்டிய எதிர்ப்பு அவ்வளவுதான்.

உள்ளூரில் வாங்கினால் பதில் சொல்லி மாளாது என்று கோயமுத்தூருக்கே போனோம். கடைக்காரர், "மாட்டுக்குங்களா, ஆட்டுக்குங்களா?" என்று கேட்டார்.

"ஊட்டுக்குங்க" என்றார் இவர்.

"துணி காயப்போடவா? அப்ப இதைக் கொண்டு போங்க" என்று தேங்காய் நார்க் கயிற்றை எடுத்துப் போட்டார். இவர் அதைத் தன் மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உறுத்துதுங்க. மெத்துன்னு இருக்கோணுங்க" என்றார். நான் அவசரமாகத் திரும்பி எதிர்க்கடையில் தொங்கிய பிளாஸ்டிக் குடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கடைசியில் வெள்ளைப் பருத்திக் கயிறு ஒன்று அமைந்தது.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்டை நிறுத்துவார்கள். தறிகள் ஓடாது, ஆட்கள் வரமாட்டார்கள். அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தோம். கட்டுரையில் இருந்த விதிகளை அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். கழுத்துப் பக்கம் கயிறே போகக்கூடாது. கட்டுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கட்டினவர் அறையை விட்டு நகரக்கூடாது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இருவரில் யார் நிறுத்தச் சொன்னாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. நாங்கள் சாதாரணமாகப் ‘போதும்’ என்பதையே வைத்துக்கொண்டோம். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

என் இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்துக் கட்டினார். அறுந்த நூலை முடிந்து முடிந்து பழகிய விரல்கள். கயிற்றைக் கண்டதும் அந்த விரல்கள் சீட்டை மறந்துவிட்டன. தறியில் நூல் விட்டுப் போகாமல் இருக்கப் போடுகிற அதே முடிச்சைப் போட்டுவிட்டார். முதலில் சிரிப்புச் சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் என் உள்ளங்காலில் விரலால் கோலம் போட்டார். நான் நெளிந்தேன், சிரித்தேன், அது எனக்கு மிகவும் பிடித்தும் இருந்தது. நெளிய நெளியக் கட்டு இறுகியது. கட்டைவிரல் மரத்துப்போனது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்க. கொஞ்சம் மரத்தாப்ல இருக்குதுங்க. பரவாயில்லீங்க." கொஞ்ச நேரம் கழித்து, "போதுங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கோலம் போட்டார். எங்கள் வீடுகளில் சாப்பிடுகிறவர் போதுங்க என்றால் இன்னொரு கரண்டி ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். ஊற்றாமல் விட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள்.

பிறகு தற்செயலாக என் கையைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன. முடிச்சு அசையவில்லை. கத்தரிக்கோலைத் தேடினால் காணோம். காலையில் பால் பாக்கெட் வெட்டிவிட்டு அடுப்பங்கரையிலேயே வைத்திருக்கிறேன். அவர் ஓடிய ஓட்டத்தில் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. கயிற்றை வெட்டி, விரல்கள் சிவக்கும்வரை என் கையைத் தேய்த்தார். அப்புறம் கத்தினார்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னனுங்களே, போதுங்கன்னு."

"அதைச் சோத்துல கை வெச்சுட்டுச் சொல்றாப்லயே சொன்னா எனக்கெப்படித் தெரியும்? நெசமாச் சொல்றியா, மரியாதைக்குச் சொல்றியான்னு நான் எதை வெச்சுக் கண்டுபுடிக்கறது? இனிக் கயிறே வேண்டாம். எனக்குப் பயமா இருக்குது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் அவர் மேல் இல்லை, என் வாய் மேல். கை மரத்துப்போன நிலையிலும் பரவாயில்லீங்க என்று சொல்கிற வாய் என்ன வாய்? அதைவிட, இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு என் பேச்சை நம்ப முடியவில்லை என்கிறாரே, அதுதான் சுட்டது. கயிறு போனால் போகட்டும். அந்த நம்பிக்கை எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து நானே வழி சொன்னேன். "நான் ‘ங்க’ போடாமப் பேசுனா நிறுத்திப்போடுங்க." அவரிடம் நான் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. காதில் விழுந்தால் தூக்கத்தில்கூட எழுந்துவிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் இன்னொரு தடவை கயிற்றை எடுக்க ஒப்புக்கொண்டார். அவர் எனக்கு ‘ங்க’ போட்டதே இல்லை என்பதால், அவர் ‘ங்க’ போட்டால் நான் நிறுத்த வேண்டும் என்று நேர்மாறாக வைத்துக்கொண்டோம்.

ஆனால் பழக வேண்டுமே. அடுப்பங்கரையில் எதிரே உட்கார்ந்துகொண்டு, "எங்கே, சொல்லு" என்பார். "நிறுத்து" என்று ஆரம்பிப்பேன், வாய் தானாக "...ங்க" என்று முடிக்கும். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒரு நாள் கருமத்தம்பட்டிக்கு வண்டியில் போகும்போது, பின்னால் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது வாய்விட்டு வந்துவிட்டது. "நிறுத்து!" நடுரோட்டில் பிரேக் போட்டார். பின்னால் வந்த பஸ் டிரைவர் எங்கள் இருவருக்கும் ‘ங்க’ போடாமல்தான் பேசினார்.

அடுத்த மாதம் கரண்ட் நின்ற நாளில் முதலில் நான் அவரைக் கட்டினேன். மூன்றே நிமிடம். "அம்மணி, அவுத்துடுங்க, மூக்கு அரிக்குதுங்க!" அவிழ்த்துவிட்டுச் சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது.

பிறகு என் முறை. மணிக்கட்டு எலும்புக்கு மேலே, பட்டையாக நான்கு சுற்று, பாவாடை நாடா போல ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. விரல் நிறத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டார். கத்தரிக்கோல் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு வலியில்லை, மரப்பில்லை, சுகமாகவே இருந்தது. ஒரு கட்டத்தில், இன்றைக்கு இவ்வளவு போதும் என்று மட்டும் தோன்றியது. வழக்கம்போலப் பரவாயில்லை என்று விட்டிருக்கலாம்.

"நிறுத்து" என்றேன்.

நின்றுவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை, முகத்தைச் சுருக்கவில்லை. முனையை இழுத்துக் கட்டை அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மெதுவாகக் கேட்டார்: "இத்தனை வருசத்துல எத்தனை பரவாயில்லீங்க பொய்யி?"

சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணப் புடவையின் நிறம். அவர் அக்கா வீட்டில் தங்கிய பதினோரு நாள். என்னைக் கேட்காமலே அவர் விற்ற என் தையல் மெஷின். அதைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது வருடத்துக்கு வருவதற்குள் எழுந்து போய், அவர் கையாலேயே காபி போட்டுக்கொண்டு வந்தார்.

"நல்லாருக்குதா?"

ஒரு வாய் குடித்தேன். "சக்கரை ஜாஸ்தி" என்றேன்.