நடுங்கும் கையும் கார்பன் அம்பும்

கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் தையல் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மழைக்காலத்துக்கு முன்பு பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது. நடுக்கம் மட்டும் போகவில்லை. மெஷினில் துணியை நகர்த்திக் கொடுக்க வேண்டிய கை அது. தையல் நேராக வராத நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

பள்ளியின் விளையாட்டு டீச்சர் வில்பட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கிழிந்த வலையைத் தைக்கக் கொடுக்க வந்தவர், நான் பல்லைக் கடித்துக்கொண்டு, டாக்டர் சொன்ன கைப்பயிற்சிக்காக ரப்பர் பந்தை அமுக்குவதைப் பார்த்துவிட்டார்.

"இதை எத்தனை நாளைக்கு அமுக்குவீங்கக்கா? கிரவுண்டுக்கு வந்து வில்லைப் பிடிங்க."

"இந்தக் கையை வச்சுக்கிட்டா டீச்சர்?"

"இந்தக் கைக்குத்தான் சொல்றேன். நாளைக்குக் காலையில வெள்ளனே வந்துருங்க."

வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டரும் சரி என்றார். டீச்சர் கொடுத்தது கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில். நாணை முழுதாக இழுத்து முடித்ததும் பாரம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அம்புகள் கார்பன், பென்சிலைவிட மெலிசு. கையில் எடுத்தால் எடையே தெரியாது.

அந்த மெலிசுதான் எனக்கு எதிரியானது. வில்லில் அம்பைத் தாங்கி நிற்கும் சின்ன உறுப்புக்கு ரெஸ்ட் என்று பெயர். டீச்சரின் வில்லில் இருந்த ரெஸ்ட், நாணை இழுக்க இழுக்க எழும்பி அம்பைத் தாங்கும். அம்பு புறப்பட்டதும் சட்டென்று கீழே இறங்கி வழிவிடும். நிதானமான கைக்கு அதைவிட நல்லது கிடையாது. என் கையிலோ, அது எழும்பி முடிப்பதற்குள் அம்பு பக்கவாட்டில் உருண்டு விழுந்துவிடும். மலை முகட்டிலிருந்து காற்று வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் அம்பின் முனை மட்டும் அப்படிச் சரிந்து வில்லில் தட்டிய சத்தத்தில் திடுக்கிட்டு நாணை விட்டுவிட்டேன். அம்பு எங்கோ பாய்ந்து, குறிப்பலகையை நிறுத்தியிருந்த இரும்புக் காலில் மோதியது. எடுத்துப் பார்த்தால் கீறல்கூட இல்லை. டீச்சர் அதைக் காதருகே வைத்து மெல்ல வளைத்தார். உள்ளே நெறுநெறுவென்றது.

"கேட்டீங்களா? வெளியே ஒண்ணும் தெரியாது. இதைத் திரும்ப விட்டா கையிலேயே சிதறிரும்." அங்கேயே இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் போகவில்லை. எட்டாம் நாள் அவரே தையல் அறைக்கு வந்தார்.

"என்னக்கா அப்படிச் சோலி? ஆளையே காணோம்?"

"கை நடுங்குறது நிக்காது டீச்சர். கை நடுங்கினாலும் அம்பு நகராம இருக்க ஏதாச்சும் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "இருக்கு. எனக்குத்தான் பிடிக்காது."

வளையத்துக்குள் பிரஷ் முடிகள் சுற்றி நிற்கும் ரெஸ்ட் அது. நடுத்துளையில் அம்பு உட்கார்ந்துவிட்டால், வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. ஆனால் அம்பின் இறகுகள் அந்த முடிகளுக்குள் உரசிக்கொண்டு போகும். வேகம் கொஞ்சம் குறையும், இறகும் கசங்கும். அதனால்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டோர் அலமாரியில் பழைய வளையம் ஒன்று கிடந்தது. மாட்டிப் பார்த்தோம். அம்பு விழவில்லை, ஆனால் எல்லாம் தாழப் போயின. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் சிதறின. "சொன்னேன்ல," என்றார் டீச்சர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வில்லைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தேன். மெல்லிய அம்பு அந்தத் துளைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஓட்டை பெருசா இருக்கே. சட்டைப் பட்டனுக்குக் கோட்டுக் காஜா போட்ட மாதிரி."

அவரும் குனிந்து பார்த்தார். "அட, இது பழைய அலுமினிய அம்புக்கு உள்ளதுக்கா! அது தடியா இருக்கும்." அங்கிருந்தே மதுரைக் கடைக்குப் போன் போட்டு, கார்பன் அம்பின் தடிமனைச் சொல்லிச் சின்னத் துளை வளையம் கேட்டார்.

பார்சல் வந்த அன்று மைதானத்தில் மூடுபனி. இருபது மீட்டரில் பலகை மங்கலாகத்தான் தெரிந்தது. இழுத்தேன். கை நடுங்கியது. அம்பு அசையாமல் இருந்தது. விட்டேன். ஆறு அம்புகளையும் விட்டு முடித்து நடந்துபோய்ப் பார்த்தால், ஐந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் அடங்கியிருந்தன. டீச்சர் கத்திய கத்தலில் கிச்சன் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

இறகு கசங்கத்தான் செய்கிறது. கசங்கினால் இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் லேசாகக் காட்டுவேன், நிமிர்ந்துவிடும். அந்த வித்தையை டீச்சருக்கு நான்தான் காட்டினேன்.

போன மாதம் திண்டுக்கல்லில் நடந்த ஒரு போட்டிக்கு, நாற்பது தாண்டிய பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தேன். ஏழு பேரில் நாலாவது வந்தேன். பரிசு இல்லை. ஆனால் ஓர் அம்புகூடக் கீழே விழவில்லை. பஸ்ஸில் மலை ஏறும்போது தூக்கக் கலக்கத்தில் இருந்த டீச்சரை எழுப்பி, திங்கட்கிழமை பலகையை முப்பது மீட்டருக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன்.

"வெரசாத்தான் போறீங்கக்கா," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.