மாப்பிள்ளையின் கையை விடாத கை

என் மச்சான் ஜவ்பர் கிண்ணியாச் சந்தையில் மீன் வெட்டியவர். எவ்வளவு பெரிய பாரையையும் ஒரே அளவான துண்டுகளாக்கிவிடுவார். அந்த வலக்கையைப் பற்றி அவருக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. போன வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. கால் தேறிவிட்டது, கை தேறவில்லை. அதைச் சட்டைக்குள் நுழைத்துத் திருட்டுப்பொருளைப் போல மறைத்துக்கொண்டு திரிந்தார்.

ஊர் சொன்ன எண்ணெயையெல்லாம் தேய்த்தோம். பட்டினத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் சிவானுஜா மிஸ் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஐயா, கையில ஒரு பிழையும் இல்ல. பிழை இங்க," என்று மச்சானின் இடக்காதுக்கு மேலே தொட்டுக் காட்டினார். "நாங்கள் நினைச்சு அசைக்கிறதுக்கெல்லாம் மூளையில இந்தப் பட்டியில இருந்துதான் கட்டளை போகுது. இடப்பக்கம்தான் வலக்கையை ஆளுது. உங்கட முழு முதுகுக்கும் இதில கொஞ்ச இடம்தான். விரலுகளுக்குத்தான் பெரிய காணி. இரத்தம் போகாமல் அதில ஒரு துண்டு செத்துப்போச்சு. மிச்சமிருக்கிற பகுதி அந்த வேலையைப் பழகவேணும். நீங்கள் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது பழகும்."

விரல்களை மடக்கிப் பொத்துவது சுலபமாக வரும், விரிப்பதுதான் கஷ்டம் என்றார். மணிக்கட்டை உள்ளே மடக்கினால் விரல்கள் இளகும், வீட்டில் ஒருவர் பிடித்துச் செய்யட்டும் என்றும் சொன்னார். மகள் ஷிஃபானா பக்கத்தில் நின்று அதைப் பழகிக்கொண்டாள்.

மச்சான் விட்டால்தானே! மகளிடம் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க அவருக்கு வெட்கம். "நான் என்ன தொட்டில் புள்ளயா?" என்று கத்துவார். கதவைச் சாத்திக்கொண்டு தனியே ரப்பர் பந்தைக் கசக்குவார். பொத்துவது மட்டும் நன்றாகப் பலத்துப்போனது.

இதற்கிடையில் ஷிஃபானாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பொருந்தியது. பெயர் றிஸ்கான். மச்சான் அவர்களிடம் கை சுளுக்கு என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாதென்று உத்தரவு வேறு. எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். ஒரே வீட்டில் இருப்பவரிடம் சுளுக்கு எத்தனை காலம் சுளுக்காகவே இருக்கும்? கேட்டேன். முறைத்தார்.

நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்து மகளைக் கொடுக்கவேண்டும்.

"பொறுப்பை என்னட்டத் தாங்க மச்சான், நான் கைகொடுக்கிறன்," என்றேன்.

"என்ட மகளை நான் கொடுக்காமல் வேற ஆரு கொடுக்கிற?"

அன்று சபையில் அவர் றிஸ்கானின் கையைப் பிசகில்லாமல் பிடித்தார். சொல்லவேண்டியதைத் தடுமாறாமல் சொன்னார். மாப்பிள்ளையும் ஏற்றுக்கொண்டார். மச்சானின் முகத்தில் பழைய கர்வம் எட்டிப்பார்த்தது.

மௌலவி துஆ ஓதத் தொடங்கினார். சபை முழுக்கக் கை ஏந்தியது, அவர்கள் இருவரையும் தவிர.

மச்சானின் கை விடவில்லை. விடு விடு என்று அவர் உள்ளுக்குள் கட்டளை போடப் போட விரல்கள் இன்னும் இறுகின. நெற்றியில் வியர்வை வழிந்தது. பின்னால் எவனோ சிரித்தான். எனக்கே நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

றிஸ்கான் தன் இடக்கையால் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல உள்ளே மடக்கினார். விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

"அவசரமில்ல மாமா," என்றார் மெதுவாக. "ஷிஃபானா எல்லாம் சொல்லித் தந்தவ."

அப்படியானால் சுளுக்குக் கதையைக் கேட்டுக்கொண்டு இவ்வளவு நாளும் மாப்பிள்ளை எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறார். மச்சானுக்கும் அது அந்த நொடியில் விளங்கியது. துஆ முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை. சாப்பாட்டுக்கும் வரவில்லை.

மறுநாள் காலை குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"பிடி மகள்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.