வெட்சிக்கு வைத்த சுண்ணாம்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு அந்தோணி என் செடியின் மொட்டை நோக்கிக் கை நீட்டுகிறார். நான் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்!

மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் அந்தக் கையைப் பிடித்து முறுக்கியிருப்பேன்.

சாதாரணச் செடியா அது? வெட்சி! ஏற்காட்டுக் காட்டிலிருந்து தங்கை கமலா வேரோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, ரயில் பார்சலில் அனுப்பியது. பங்குனியில் அவளுக்கு வளைகாப்பு, மேனாம்பேட்டில் நம் வீட்டில்தான். "அன்றைக்கு இந்தப் பூதான் என் தலையில் இருக்கவேண்டும், அண்ணா" என்று எழுதியிருந்தாள். "ஆகட்டும்" என்று பதில் போட்டுவிட்டேன். வாக்குக் கொடுப்பதில் நான் புலி!

ஐப்பசியில் முதல் மொட்டுக் கொத்து வந்தது. மறுநாள் காணோம். இரண்டாவது வந்தது... அதுவும் காணோம். ஆடு மேய்ந்திருந்தால் இலையும் போயிருக்காதா? நகத்தால் கிள்ளின மாதிரி அல்லவா இருக்கிறது!

யுத்தம் வந்த நாளாய் ஊரில் புது ஆளைக் கண்டால் ஒற்றன் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை — என் ஒற்றன் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அந்தோணி ஒரு பங்களாவில் தோட்டக்காரர். தினமும் காலையில் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருவார். செடியைப் பார்ப்பார். சிரிப்பார். எதற்குச் சிரிக்கவேண்டும்?

துப்பறியும் நாவல் படித்தவன் சும்மா இருப்பேனா? தீபாவளிக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்புத் தூளைச் செடியைச் சுற்றித் தூவினேன். கால் தடம் விழுமே! மழை கரைத்தது, மறுபடி தூவினேன். காக்கைக் கால் விழுந்தது. பூனைக் கால் விழுந்தது. ஒருநாள் பெரிய மனிதக் கால்! நூல் பிடித்து அளந்து பார்த்தேன்.

என் கால்.

மார்கழியில் இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. புது மொட்டே இல்லை. கமலாவிடமிருந்து கார்டு: "மொட்டு வந்ததா?" விஷம்தான், சந்தேகமில்லை! அந்தோணியைக் கிணற்றடியிலேயே மடக்கிக் கேட்டேன்.

"அண்ணாத்தே, செடிக்கு இன்னாத்த ஊத்தினீங்க?"

அவர் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். "சுண்ணாம்பு கீதே! எந்த மகராசன் போட்டான்?"

"நான்தான்... கால் தடம் பாக்க."

"யார் காலு?"

என் பார்வை அவர் காலுக்குப் போயிற்று.

"என் காலா?" வாளி உருளும்படி சிரித்தார். "கேட்டிருந்தா காலையே தூக்கிக் காட்டியிருப்பேனே, நைனா!"

"அப்போ மொட்டு?"

"அத்த நான்தான் கிள்ளினேன். எளஞ்செடி. மொதக் கொத்த உட்டா ஒத்தக் குச்சியா நிக்கும். கிள்ளினா நாலாப் பிரியும்."

"சொல்லக்கூடாதா?"

"பட்ச்ச புள்ள, தெரிஞ்சிருக்கும்னு நென்ச்சேன்."

"இது காட்டு வெட்சி, அண்ணாத்தே! மலையில..."

"வெட்சியோ கிட்சியோ... பங்களாவுல இதுக்குப் பேரு இட்லிப்பூ. அதுக்குச் சுண்ணாம்பு ஆவாது. மொதல்ல மேல்மண்ண வழிச்சுக் கொட்டு."

கொட்டினேன். வேர் அறாமல் பக்கத்து மண்ணையும் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும், மாமரத்தடியில் மக்கிய சருகும் நிரப்பினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை நிறுத்தி, தொட்டியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை ஊற்றினேன். வாரம் ஒருமுறை புளித்த மோரை நீர்க்கக் கரைத்து விடச் சொன்னார். உச்சி வெயிலுக்கு ஓலைத் தட்டி. காட்டில் மரநிழலில் வளர்ந்ததாயிற்றே!

தை கடைசியில் துளிர் பச்சையாக வந்தது. ஒற்றைக் குச்சி நான்கு கிளையாகியிருந்தது. இப்போது மாசி — நான்கிலும் மொட்டு!

அந்த மொட்டை நோக்கித்தான் போன ஞாயிறு அந்தோணியின் கை நீண்டது. என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். அவர் மொட்டின் மேலிருந்த எறும்பை ஊதிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"பயப்படாதே நைனா. இது தங்கச்சிக்கு."

ஆக, மொட்டுத் திருடர் அகப்பட்டுவிட்டார். செடிக்கு விஷம் வைத்தவனும்தான். அவன் பெயரை வாராவாரம் இந்தப் பத்திக்கு மேலேயே அச்சடிக்கிறார்கள்!