சந்தேகப்படக் கற்றுக்கொண்ட மாதம்

அன்று மாலை வகுப்பில் செனகல்காரர் இப்ரா இருந்தார், மொராக்கோ அக்கா தங்கை இருவரும் இருந்தார்கள், உக்ரைனிலிருந்து வந்த ஒக்ஸானா இருந்தார், நான் இருந்தேன். வராதவர் பஞ்சாப்காரர் குர்மீத் மட்டும்தான். ஸ்பானிஷில் எனக்குப் புரியாததையெல்லாம் அரைகுறை இந்தியில் என் காதில் ஓதுபவர் அவர். ஸ்பெயினில் இந்த ஸரகோஸாவுக்கு வந்த ஒன்றரை வருடத்தில் முதன்முறையாக அந்த மொழியின் முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை மார்த்தா பலகையில் ஓர் ஏணி வரைந்தார். அடிப்படியில் ‘கிஸாஸ்’, ஒருவேளை. அதற்கு மேல் ‘லோ துதோ’, எனக்குச் சந்தேகம்தான். அப்புறம் ‘நோ மே குவாத்ரா’, எங்கேயோ இடிக்கிறது. ‘நோ மே ஃபீயோ’, நம்பிக்கை வரவில்லை. உச்சிப்படியில் ‘மே வேலே மால்’, இதில் ஏதோ கெட்ட வாடை வருகிறது. சந்தேகப்படுவதற்கு ஒரு வகுப்பு! அதையும் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் சந்தேகம் என்பது மற்றவர்கள் எங்கள்மேல் படுவது, நாங்கள் திருப்பிப் பட்டதில்லை. கல்லூரியில் சேர்வதற்கு முன், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக நைனாவுடன் தாலுகா ஆபீஸில் போய் நின்றது நினைவிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, “நெஜமாவே உங்க வீட்ல ஒருத்தரும் படிக்கலியா?” என்றார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த திருத்தணி மலையைப் பார்த்து, “முருகன் சத்தியமா இல்ல சார்” என்றார் நைனா. படிக்கவில்லை என்பதற்கும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் இப்போது சந்தேகத்தின் ஐந்து படிகளையும் மனப்பாடமாகச் சொல்கிறேன். மறுநாளே நான் வேலை பார்க்கும் பழக் கிடங்கில், சனிக்கிழமைக் கூலி அடுத்த மாதம் வரும் என்ற மேஸ்திரியிடம் “நோ மே குவாத்ரா” என்றேன். அவர் வாயைப் பிளந்தார், பிறகு சிரித்துக்கொண்டே கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். அன்றைக்கெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் வீடு அமைந்தது. வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருந்தால்தான் என் மனைவி சுமதிக்கு விசா. ஏற்கெனவே மூன்று வீடுகள் கைநழுவிப் போயிருந்தன. இது நான்காவது. வீட்டுக்காரி பெயாத்ரிஸ், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வாடகை அறுநூறு, டெபாசிட் ஒரு மாதம், திங்கட்கிழமை கையெழுத்து என்றார். கைபேசியில் சுமதியும் நைனாவும் திருத்தணியிலிருந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐம்பது யூரோவை டோக்கன் அட்வான்ஸாக நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

கைபேசிக்குள் கலவரம். “இன்னாங்க, காச வாங்க மாட்டேன்றாங்களா? அப்ப வேற யாருக்கோ பேசிகினு இருக்காங்க” என்றாள் சுமதி.

“கையில வெச்சிட்டு வாடா! வாங்கிட்டா வீடு நம்மளுது” என்றார் நைனா.

அவர்கள் சொன்னதில் தவறில்லை. அரக்கோணத்தில் எங்களுக்கு வீடு அமைந்ததே அப்படித்தான். வீட்டுக்காரர் ஐந்நூறு ரூபாயை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ரசீதும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதற்குப் பிறகு அதிக வாடகைக்கு ஆள் வந்தும் அவர் பேச்சு மாறவில்லை. அதனால் மறுபடி நீட்டினேன். பெயாத்ரிஸ் ஓரடி பின்வாங்கினார். “நோ மே ஃபீயோ” என்றேன், அத்தனை தைரியமாக. அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைபேசியில் கத்திக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “மே வேலே மால்.”

உச்சிப்படி! யாரும் மொழிபெயர்க்காமல் எனக்கே புரிந்துவிட்டது! அந்த ஆனந்தத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டேன். சந்தேகப்பட்டவர் முன்னால் சிரித்தால் என்ன ஆகும்? அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

சுமதியின் முகத்தில் அழுகை முட்டியது. “போச்சா?” என்று மட்டும் கேட்டாள். நான் வாசற்படியிலேயே நின்று, தெரிந்த வார்த்தைகளையெல்லாம் ஒட்டவைத்து, எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். பெயாத்ரிஸ் கடைசிவரை கேட்டார். “உங்கள் ஊரில் காகிதம் இல்லாமல் பணம் வாங்குகிறவரை நம்புவீர்கள். இங்கே அவரைப் பற்றித்தான் போலீஸில் சொல்வோம்” என்றார். கோபம் போயிருந்தது, சந்தேகம் போகவில்லை. வீடு தருகிறேன், ஆனால் டெபாசிட் இரண்டு மாதம் என்றார்.

“நல்ல பொம்பள. நம்பலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்ச்சு பார்” என்றார் நைனா, உண்மையான மரியாதையோடு.

என்னிடம் ஒரு மாத டெபாசிட்டும் முதல் வாடகையும் போகக் கையில் முந்நூறுதான் மிச்சம். மீதிக்குச் சுமதி சீட்டை எடுத்தாள். திருத்தணி வங்கியில், “வெளிநாட்லேந்து இங்க வரும், நீங்க இன்னாம்மா அங்க அனுப்புறீங்க?” என்று நாலு தரம் கேட்டார்களாம். எப்போதும் இங்கிருந்து அங்கே போகும் பணம், அந்த முறை மட்டும் அங்கிருந்து கிளம்பிக் கடல் தாண்டி வந்தது. திங்கட்கிழமை, கூடுதல் டெபாசிட்டுக்காக இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பெயாத்ரிஸின் மேசையில் வைத்து ரசீது வாங்கினேன்: அந்த ஊர்ப் பணம் முந்நூறு, இந்த ஊர்ப் பணம் முந்நூறு, ஆக அறுநூறு யூரோ.