ஒன்றே ஒன்று கூடுதலாக

சர்வரை அணைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஆயுத பூஜைக்கு லாரிக்காரன் லாரியை நிறுத்துகிறான், ரைஸ்மில்காரன் மிஷினை நிறுத்துகிறான், கம்ப்யூட்டர் மட்டும் என்ன மகாராஜாவா என்றார் முதலாளி. செங்கல்பட்டில் மாடியில் இரண்டு அறை, அதுதான் எங்கள் ஆபீஸ். சென்னையில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி பில் போடுவதெல்லாம் எங்கள் சர்வரில்தான். போன ஆயுத பூஜைக்குப் பிறகு ஒருநாள்கூட அணையாமல் ஓடிய மிஷின் அது. அதை அணைத்து, துடைத்து, சந்தனம் தடவி, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்கள். குங்குமம் வைத்தது நான்தான்.

அப்போது நான் புரொபேஷனில் இருந்தேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினம் பஸ். எங்கள் வகையறாவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்தத் தோட்ட வேலை பார்த்த அப்பா அதைச் சொல்லாத ஆளில்லை. ஆனால் மாமன் மகனுக்கு என்னைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள். கடப்பாக்கத்தில் மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். குடித்தால் கை ஓங்குவான் என்பது ஊருக்கே தெரியும். சொந்த அண்ணன் வீடு என்பதால் அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாதான் ஒரு வழி வைத்திருந்தார்.

"வேல பர்மனென்ட் ஆயிடுச்சின்னு சொல்லு, நானே அவங்கள வேணாம்னு அனுப்பிட்றேன். அது இல்லாம நான் இன்னான்னு பேசறது?"

பூஜை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை அவர்கள் தட்டு மாற்ற வருவதாக இருந்தது.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி சர்வரைப் போட்டோம். மிஷின் எழுந்தது. பில் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் எழவில்லை. நினைவகம் கிடைக்கவில்லை என்று ஒரே பாட்டு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் அதே கதைதான். அதற்குள் மருந்துக் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. கிடங்கில் வண்டிகள் நிற்கின்றன, நல்ல நேரத்தில் முதல் பில் போடவேண்டும், என்ன செய்கிறீர்கள் என்று கத்தினார்கள். கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று முதலாளி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை வரப்போகும் தட்டுதான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

சர்வருக்குள் நினைவகத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது கெர்னல் என்கிற அடிப்படை நிரல். டேட்டாபேஸ் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்று ஒரு கோப்பில் எண்ணாக எழுதி வைப்போம். மிஷின் எழும்போது கெர்னல் அதைப் படித்துக்கொள்ளும். அந்த உச்சவரம்பு எவ்வளவு என்று கெர்னலிடம் கேட்டேன். பூஜ்ஜியம் என்றது. கோப்பைத் திறந்தால் பத்து இலக்கத்தில் ஒரு பெரிய எண். விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். எங்கள் மிஷினால் எண்ண முடிந்த கடைசி எண்ணைவிட அது ஒன்றே ஒன்று கூடுதல். மொபெட் மீட்டரில் ஒன்பதெல்லாம் ஓடி முடிந்தால் மறுபடி பூஜ்ஜியம் வருமே, அந்த மாதிரி. பாவி, இந்த எண் செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டது.

எண்ணைப் பாதியாகக் குறைத்து எழுதினேன். டேட்டாபேஸ் எழுந்தது. நான் நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

அந்தக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்டது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு, அதுவரை சர்வரைப் பார்த்துக்கொண்ட சீனியர் அமெரிக்காவுக்குக் கிளம்பிய வாரத்தில். இனி யாரும் தொடவே வேண்டாம் என்று உச்சத்துக்குத் தூக்கி எழுதியிருக்கிறார். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் விமானம் ஏறிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த மிஷின் பழைய எண்ணிலேயே ஓடியது, பூஜைக்கு அணைக்கும் வரை. முதலாளியிடம் திரையில் காட்டினேன். தேதியையும் காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார். அமெரிக்காவிலிருந்து நமக்கு வேலை பிடித்துக் கொடுப்பதே அந்த மனுஷன்தான், அவர் பேர் கெட்டால் ஆபீஸை இழுத்துப் பூட்டவேண்டியதுதான் என்றார். பிறகு போனைக் காட்டினார்.

"நீ தெரியாம மாத்திட்டேன்னு சொல்லிடும்மா. புதுப் பொண்ணுன்னு விட்டுடுவாங்க. உன் பர்மனென்ட் ஆர்டர நான் நாளைக்கே டைப் பண்ணச் சொல்றேன்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. முதலாளி மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சாரி சார். நான்தான் தப்பா நம்பர் போட்டுட்டேன்."

அந்தப் பக்கத்து ஆள், படித்துவிட்டுத்தான் வந்தாயா, இல்லை கோட்டாவில் வந்தாயா என்று கேட்டார். முதலாளி ஸ்பீக்கரை அணைக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி முழுக்க என்னிடம் இருந்தது.

மறுநாள் ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமை அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றே மாமன் வீட்டாரிடம் பேசினார். என் பொண்ணு பெரிய மிஷினயெல்லாம் பாத்துக்கினு கீறா, இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்றார். அவர்கள் தட்டோடு திரும்பினார்கள். அன்றைக்கு அப்பா முகத்தில் இருந்த பெருமையை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பொங்கலுக்கு சீனியர் ஊருக்கு வந்தார். முதலாளி எங்கள் எல்லோரையும் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய் கடற்கரை ஹோட்டலில் சாப்பாடு போட்டார். சீனியர் நல்ல மனிதர். என் எதிரில் வந்து உட்கார்ந்தார், என் பேரைக் கேட்டார், உடனே எதுவோ ஞாபகம் வந்து சிரித்தார்.

"ஓ, அது நீதானா. கேள்விப்பட்டேன். பயப்படாத, எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆனா லிமிட் தெரிஞ்சு போடணும்மா. இதெல்லாம் பேசிக். புரிஞ்சுதா?"

முதலாளி தட்டிலிருந்து நிமிராமல் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுது சார்," என்றேன்.